நான் ஒப்பாரி என்று சொன்ன இசை

ராசா,

போனில் நான் எதையாவது சொல்லத் தொடங்கினால் இரண்டாவது வசனம் முடியுமுன்னமே நீ "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிடுகிறாய். அதன் பிறகு கதை சாப்பாட்டுக்கும் மழைக்கும் போய்விடும். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டி மெல்ல மெல்ல, ஆறுதலாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும், ஆறுதலாகவே வாசி. எனக்குத்தான் இன்று ஆறுதல் இல்லை. காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் வந்து இருக்கிறேன், எழும்பிப் போய் அடுப்பைப் பார்க்கிறேன், யன்னலால் தெருவைப் பார்க்கிறேன், திரும்ப வந்து இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா, "இஞ்சரும், என்ன குட்டி போட்ட பூனை மாதிரித் திரியிறீர்?" என்று கேட்டார். கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாய் பதறுவது வழக்கந்தான் என்று அவர் நினைக்கிறார். என் பதற்றம் மண்டபத்தைப் பற்றியதும் இல்லை, சாப்பாட்டைப் பற்றியதும் இல்லை. நீ கட்டப் போகிற வித்யாவுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறாய். உன் இசைக்குழுவில் பாடுகிற டெரிக்குக்கு இன்னொரு பொய் சொல்லியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் என்னுடைய பிழையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

வித்யாவின் பெற்றோர் எங்களைக் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் உள்ள தங்கள் வீட்டுக்குக் கோப்பி குடிக்கக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். நீ, நான், அப்பா, என் தம்பி வாகீசன் என்று நாலு பேரும் போனோம். வரவேற்பில் யார் பாடுவது, யார் ஆடுவது என்று கதை வந்தது. வித்யாவின் அப்பா கோயம்புத்தூர்க்காரருக்கே உரிய மரியாதையோடு கேட்டார்: "மாப்பிள்ளையோட பேண்டும் அன்னைக்கு வாசிக்கப் போறாங்கன்னு வித்யா சொன்னா. ரொம்ப சந்தோஷமுங்க. அது என்ன மாதிரி மியூசிக்குங்க?" "ப்ளூஸ்" என்று நீ சொன்னாய். "அப்படின்னா எப்படிங்க இருக்கும்?" என்று அவர் கேட்டார். நீ வாய் திறக்க முன்னமே எனக்கு நாக்கு அரித்துவிட்டது. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றைக் கொண்டு விளக்கு என்று படித்து, அப்படியே படிப்பித்தும் வந்தவள் நான். பின்னக் கணக்கை வடையைப் பிய்த்துக் காட்டி விளங்க வைத்தவள். "அமெரிக்காவிலை கறுப்பினச் சனம் பருத்தித் தோட்டங்களிலை பட்ட துன்பத்தைப் பாடினது. எங்கட ஒப்பாரி மாதிரி எண்டு வையுங்கோவன்" என்றேன்.

வித்யாவின் அம்மா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கல்யாணத்துலீங்களா?" என்று மட்டும் கேட்டார். உன் மாமாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "அக்கா, கலியாண வீட்டிலை முகாரி வாசிச்சாலே மேளகாரரைக் கலைப்பினம். நீங்கள் ஒப்பாரியையே கூட்டிக்கொண்டு வாறியள். அப்ப தோரணத்தை என்ன மாதிரிக் கட்டுறது, நிமித்தியோ கவிழ்த்தோ?" என்றான். சாவீட்டுக்குத் தோரணத்தைக் கவிழ்த்துக் கட்டும் எங்கள் வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உன் மாமா சிரித்த சிரிப்பில் விளங்கியிருக்கும். வித்யா குசினியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்ததால் இதெல்லாம் அவள் காதில் விழவில்லை. நீ கோப்பையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு.

அதை நான் முதலில் பார்த்தது எங்கள் இல்ஃபோர்ட் வீட்டில், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில். லூயிஷாம் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது சந்தையில் வாங்கின மவுத் ஓகனை நீ படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைக்குள் போயிருந்து வாசிப்பாய், சப்பாத்துகளுக்கும் வக்கூம் கிளீனருக்கும் நடுவில். சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டார் கவுன்சிலுக்குச் சொல்லிப்போடுவார்கள் என்று நாங்கள்தான் உன்னை அங்கே அனுப்பினோம். அகதியாக வந்தவர்களுக்குச் சத்தம் என்றால் பயம். சத்தம் கேட்டால் யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள். ஒருநாள் தட்டினார்கள். நீ ஓடிப்போய்த் திறந்து, பக்கத்து வீட்டு அம்மா வாய் திறக்க முன்னமே, "சொறி, இனி வாசிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாய். அவர் எங்களுக்கு வந்த பார்சலை வாங்கி வைத்திருந்து தரத்தான் வந்திருந்தார். "ஏன் வாசிக்க மாட்டாய்? நீ அந்த ரயில் போவது மாதிரி வாசிப்பாயே, அதைக் கேட்டுக்கொண்டுதானே நான் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்குகிறேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். நீயும் சிரித்தாய், அந்த மெல்லிய சிரிப்பு. ஆனால் அந்தக் கிழமை முழுக்க நீ வாசிக்கவே இல்லை. ஒருவரும் கேட்காத மன்னிப்பைக் கேட்டுவிட்டு, அதற்குக் கட்டுப்பட்டும் நடந்தாய்.

பார்க்கிங்கிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போதே என் உதாரணம் என்னைக் குடையத் தொடங்கியது. சரியாகத் தெரியாத பாடத்தை வகுப்பில் நடத்திவிட்டு வருகிறவளுக்கு உண்டாகும் குடைச்சல் அது. பூமி தோடம்பழம் மாதிரி உருண்டை என்று ஒருமுறை சொல்லப்போய், "அப்ப விதை எங்கை ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்க, நான் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்கள் எடுத்தேன். உன் பழைய ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கீறல் விழுந்த அந்தப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். உனக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும் மாணவி பாடம் ஒப்புவிக்கிறாள் என்று நினைத்துக் கேள்.

ப்ளூஸ் என்றால் கிற்றாரோடு தனியே இருக்கும் ஓர் ஆண் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முதலில் இசைத்தட்டில் ஏறிய குரல்கள் பெண்களுடையவை. இறகு வைத்த தொப்பியும் முத்துமாலையுமாக ஊர் ஊராகக் கூடாரங்களில் நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடினார்கள். விட்டுப்போன புருஷனைப் பற்றிப் பாடினார்கள், வெள்ளத்தில் போன வீட்டைப் பற்றிப் பாடினார்கள், போகிறவன் போகட்டும் எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றும் பாடினார்கள். கறுப்பினத்தவரின் பாட்டை யார் வாங்கப் போகிறார்கள் என்று கேட்ட வியாபாரிகள், கடைகளில் தட்டுகள் தீர்ந்து போவதைக் கண்ட பிறகுதான் கதவைத் திறந்தார்கள். அந்தக் கதவால் பின்னுக்கு வந்த எத்தனையோ பேருக்கு, அதை முதலில் தள்ளித் திறந்த பெண்களின் பெயரே தெரியாது.

பிறகு மிசிசிப்பிப் பக்கத்துப் பருத்தி வயல்காரர். கண் தெரியாமல் தெருச் சந்திகளில் இருந்து பாடியவர்கள். போத்தலின் கழுத்தை விரலில் மாட்டிக் கம்பியில் வழுக்கி, கிற்றாரைக் குரல் மாதிரிப் பேச வைத்தவர்கள். அவர்களில் ஓர் இளைஞர் முதலில் சுமாராகத்தான் வாசித்தாராம். கொஞ்சக்காலம் கண்ணில் படாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்து எல்லோரும் வாயைப் பிளக்க வாசித்தாராம். நாற்சந்தியில் பேயிடம் ஆத்மாவை விற்றுத்தான் இதைப் பெற்றார் என்று கதை கட்டிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. விடுமுறையில் ஒழுங்காகப் படித்துவிட்டு வந்து முதலாம் பிள்ளையாகிவிட்டவனைப் பார்த்து, "ரீச்சர், உவன் பாத்து எழுதினவன்" என்று மற்றவர்கள் சொல்லும் கதைதான் இது. பேயை நம்புவது சுகம், பயிற்சியை நம்புவதுதான் கஷ்டம். அவர் இளமையிலேயே போய்விட்டார். விட்டுப்போன கொஞ்சப் பாட்டுகளை வைத்துக்கொண்டு உலகம் இன்னும் கிற்றார் பழகிக்கொண்டிருக்கிறது. அந்தத் தலைமுறையில் பலருடைய புதைகுழிக்கு ஒரு பெயர்க்கல்கூட இருக்கவில்லை. பின்னாளில் அவர்களுடைய பாட்டால் வாழ்ந்தவர்கள் தேடிப்போய்க் கல் நட்டார்கள்.

இந்த இடத்தில் எழும்பிப் போய் பருப்பை இறக்கிவிட்டு வந்தேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது, உன் அப்பாவுக்குச் சொல்லாதே.

என்னைக் கதிரையில் இருக்க விடாமல் செய்தவர்கள் சிகாகோவுக்குப் போனவர்கள். தெற்கில் வாழ ஏலாமல், கையில் ஒரு பெட்டியோடு ரயில் ஏறி வடக்கே போய், தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்தவர்கள். அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். நாங்கள் ஏறியது விமானம், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே மதுச்சாலைகளில் ஒரே இரைச்சல். மரக் கிற்றாரின் சத்தம் பக்கத்து மேசைக்கும் கேட்காது. அவர்கள் "சொறி" சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. கிற்றாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். உன்னுடைய வாத்தியத்தையே வாசித்த ஒருவர், ஒரு மலிவான மைக்கை மவுத் ஓகனோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்து, ஒலிபெருக்கி அதிர அதிர ஊதினார். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று எல்லோரும் நினைத்திருந்த ஒன்று, பெரிய சக்சபோனுக்குச் சமமாக எழும்பி நின்றது. மூச்சை வளைத்து, பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சுரத்தைப் பிடித்து இழுத்தார்கள். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. இன்னொருவர், தான் பாடும்போது கிற்றாரைத் தொட மாட்டார். ஒரு வரி பாடிவிட்டு நிறுத்துவார். கிற்றார் பதில் சொல்லும். மற்றவர்கள் மழை மாதிரிச் சுரங்களைக் கொட்ட, இவர் ஒரே ஒரு சுரத்தை நடுங்க விட்டே, இது இன்னாருடைய கை என்று கேட்டவர்களைச் சொல்ல வைத்தார்.

சொந்த நாட்டில் பின்கதவால் போய் வாசித்த இவர்களில் சிலர், வயது போன பிறகு இந்த லண்டனுக்கு வந்தார்கள். இங்கே வெள்ளைக்காரப் பெடியள் மூச்சுக் காட்டாமல் நின்று கேட்டார்கள். கேட்டவர்கள் அதையே உரத்து வாசித்து அமெரிக்காவுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். இன்றைக்குக் கடையிலும் காரிலும் கேட்கிற பாட்டுகளில் எத்தனையோ அந்த வழியில் வந்தவை. பெயர்க்கல் இல்லாமல் போன மனிதர்களுடைய மூச்சு அது.

கேட்டது போதாமல், போன ஞாயிறு பின்னேரம் லூயிஷாமுக்கு வந்தேன், நீங்கள் வாசிக்கும் அந்தப் பப்புக்கு. உனக்குச் சொல்லவில்லை. கதவடியில் தோடம்பழச் சாறோடு நின்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாய். டெரிக், அந்தக் கதவளவு மனிதர், பாடினார். எனக்குப் பக்கத்தில் துப்புரவு வேலைச் சீருடையோடு நின்ற ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டேன். "பாட்டைக் கேளுங்கள், வீட்டுச் சொந்தக்காரன் ஹீட்டரைத் திருத்தித் தரவில்லையாம். மனைவியோடு போட்ட சண்டையை அதனால்தான் முடிக்க வேண்டி வந்ததாம், குளிர் தாங்காமல்!" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த கிளாசை வாங்கி மேசையில் வைத்து, "வாருங்கள் அம்மா" என்று ஆடப் போய்விட்டாள். நான் ஆடவில்லை. ஆனால் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒப்பாரி இனிக் கேட்கவே மாட்டாதவரைப் பார்த்துப் பாடுவது. இது எதிரே நிற்பவரைப் பார்த்துப் பாடுவது: எனக்கு இப்படி நடந்தது, உனக்கும் நடந்திருக்கும், சொல்லிச் சிரிப்போம் வா என்று. துன்பம் இரண்டிலும் இருக்கிறது. நான் துன்பத்தை மட்டும் பார்த்து உதாரணம் சொல்லிவிட்டேன்.

இடைவேளையில் நீ வெளியே போனாய். டெரிக் என்னைக் கண்டுகொண்டார். "அம்மா" என்று தமிழிலேயே கூப்பிட்டார், நீ பழக்கியிருக்கிறாய் போல. "அந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி வைக்க விடமாட்டார்களாமே? உங்கள் மகனின் கலியாணத்துக்கென்று ஒரு சிவப்புக் கோட்டு வாங்கினேன், இனி அதைப் போட்டுக்கொண்டு கடைக்குத்தான் போக வேண்டும்" என்றார். நீ திரும்பி வருமுன் வெளிக்கிட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர, வித்யா எனக்குப் போன் எடுத்தாள். "அத்தை, டெரிக் அங்கிள் பேண்ட் அன்னைக்கு ஃப்ரீ இல்லையாமே? இவரு சொன்னாரு. எனக்கு ஒரே கஷ்டமா இருக்கு. இவரு வாசிக்கிறதைக் கேட்டுத்தானே நான்... சரி விடுங்க அத்தை" என்றாள். "பிறகு கதைப்பம் பிள்ளை" என்று வைத்துவிட்டேன்.

அவளுடைய பெற்றோர்தான் உன்னை நெருக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் வாயால் வந்தது, நானே போய்த் திருத்துவோம் என்று செவ்வாய்க்கிழமை பார்க்கிங்குக்குப் பஸ் ஏறினேன். "நான் அண்டைக்குப் பிழையான உதாரணம் சொல்லிப்போட்டன்" என்று தொடங்கி, இங்கே உனக்கு எழுதியதையெல்லாம் அவர்களுக்கும் ஒப்புவித்தேன். ஹீட்டர் பாட்டைச் சொன்னதும் வித்யாவின் அம்மா சிரித்துவிட்டார். "அட, இது எங்க ஊரு தெம்மாங்காட்டம் இருக்குதுங்க! களை எடுக்கறப்ப பண்ணையக்காரரை வெச்சே கிண்டல் பண்ணிப் பாடுவாங்க. அவரு பக்கத்துல நின்னுட்டிருப்பாரு, ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். என்னுடையதைவிட நல்ல உதாரணம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்போது அவளுடைய அப்பா சொன்னார்: "அதெல்லாம் சரிங்க. ஆனா நாங்க வேண்டாம்னு சொல்லவே இல்லீங்களே? அடுத்த நாளே மாப்பிள்ளை போன் பண்ணி, 'கவலைப்படாதீங்க அங்கிள், பேண்டை கேன்சல் பண்ணிட்டேன், வித்யாகிட்ட நானே சொல்லிக்கிறேன்'னாரு. அவருக்கே விருப்பம் இல்லையாட்ட இருக்குதுன்னு விட்டுட்டோம். தாலி கட்டி, பந்தி முடிஞ்சப்புறம் என்ன வேணா வாசிக்கட்டுமே!"

ஒருவரும் கேட்கவில்லை, ராசா. கேட்க முன்னமே எடுத்துக் கொடுத்துவிட்டாய். கொடுத்தது தெரியாமல் இருக்க ஒரு பொய், அந்தப் பொய்க்குப் பக்கத்தில் இன்னொன்று. இதை நீ நல்ல குணம் என்று நினைத்திருப்பாய். பார்ப்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்: தங்கமான பிள்ளை, ஒரு சொல் எதிர்த்துப் பேச மாட்டான் என்று. உன் அப்பாவும் அப்படித்தான் தொடங்கினார். கலியாணம் செய்த புதிதில் நான் வைத்த பாகற்காய்க் கறியை நல்லாயிருக்கு என்றார். நான் விரும்பி விரும்பி வருடக்கணக்காக வைத்தேன். அவருக்குப் பாகற்காயே பிடிக்காது என்று அவருடைய அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கறியைப் பற்றியது இல்லை. இத்தனை நாளும் நான் யாருக்குச் சமைத்தேன், ஒரே மேசையில் யாரோடு இருந்தேன் என்று வந்த கோபம். நீ வித்யாவுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்க நினைப்பது நிம்மதி. அவளிடமிருந்து எடுத்துக்கொள்வது உன்னையே.

ப்ளூஸ் பாட்டில் ஒரு வரியைச் சொல்கிறார்கள். அதே வரியைத் திரும்பவும் சொல்கிறார்கள். மூன்றாவது வரியில்தான் பதில் வருகிறது. ஏன் இரண்டு தரம் என்று படிப்பித்தவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை: முதல் தரம் சொல்லும்போது கேட்கிறவர் திடுக்கிடுவார், இரண்டாம் தரந்தான் கேட்பார். அவளிடம் போ. போனில் வேண்டாம், நேரே போ. "டெரிக்கின் குழு அன்றைக்கு வர இருந்தது, நான்தான் நிற்பாட்டினேன், உனக்குப் பொய் சொன்னேன்" என்று சொல்லு. அவள் "என்ன?" என்பாள். திரும்பவும் அதையே சொல்லு, மெருகு பூசாமல். பிறகு வாயை மூடிக்கொண்டு நில். பதில் அவளுடையது, அது எவ்வளவு நீளமாக இருந்தாலும். நடுவில் "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதே. அவள் முடித்த பிறகு டெரிக்கிடம் போய், அவர் அந்த நாளை வேறு யாருக்கும் கொடுக்க முன் கேள். அவரும் ஏசுவார். ஏசட்டும்.

சனிக்கிழமை காலை வித்யா இங்கே வருகிறாள். எங்கள் தெருவில் தைக்கிற பெண்ணிடம் கூறைச் சேலைச் சட்டைக்கு அளவு கொடுக்க வேண்டும். குழுவைப் பற்றி என்னிடம் கேட்பாள், கட்டாயம் கேட்பாள். அவளுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உனக்கு முன் நான் உண்மையைச் சொல்லவும் கூடாது. நீ சொல்லிவிட்டாயா என்று எனக்கு அறிவிக்கத் தேவையில்லை. கதவைத் திறக்கும்போது அவள் முகத்தில் தெரிந்துவிடும். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு "அத்தை" என்று வந்தாளென்றால் நீ இன்னும் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாளென்றால், நான் அவளுக்கு ஒரு நல்ல தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவளோடு சேர்ந்திருந்து உன்னை நன்றாகத் திட்டுவேன்.

அம்மா